விளக்கில்லா மாதம்

எங்கள் காரில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. அதைக் கவனிக்கச் சொல்லி சர்வீஸ் சென்டருக்குப் போனோம். அணைத்துத் தந்துவிட்டார்கள். என் புகாரே அதுதான்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். எனக்குக் கார் ஓட்ட வராது. கற்றுக்கொள்ளப் போன காலத்தில், பயிற்சியாளர் பாதி வழியில் இறங்கி, “நான் நடந்தே போயிக்கறேன் சார்” என்று போய்விட்டார். அதிலிருந்து எங்கள் வீட்டில் கார் ஓட்டுவது என் மனைவிதான். நான் பக்கத்து இருக்கையில் உப்புக்குச் சப்பாணியாக உட்கார்ந்து வருவேன். செய்வதற்கு வேறு வேலை இல்லாததால் ஸ்டியரிங்குக்குப் பின்னால் எரிகிற விளக்குகளைப் பார்த்துக்கொண்டு வருவேன். சிவப்பு விளக்கு முதலில் என் கண்ணில் பட்டது அப்படித்தான். ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிற மாதிரி படம், அவன் வயிற்றுக்கு முன்னால் ஒரு பந்து. நான் அவனுக்குப் பந்துக்காரன் என்று பெயர் வைத்தேன்.

பந்துக்காரன் எரிந்தால், மோதும்போது ஏர்பேக் விரியாது என்று அர்த்தம். இதை எனக்குச் சொன்னது என் மனைவி. அவள் அவசர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ். சாலையில் அடிபட்டு வருகிறவர்களைப் பார்த்தவுடனேயே, “இது ஏர்பேக் விரிஞ்ச மூஞ்சி, இது விரியாத மூஞ்சி” என்று பிரித்துவிடுவாள். விரிந்த மூஞ்சிகளைப் பற்றி வீட்டில் வந்து கதை சொல்வாள். விரியாத மூஞ்சியைப் பார்த்த அன்று சாப்பிடாமல் படுத்துக்கொள்வாள்.

அவளுக்கு அப்போதுதான் பதவி உயர்வு வந்திருந்தது. புது ஆஸ்பத்திரி ஹைவேக்கு அந்தக் கடைசியில் இருந்தது. லாரிகளுக்கு நடுவே தினமும் தனியாகப் போய்த் தனியாக வர வேண்டும். அவள் அங்கே சேருவதற்குள் பந்துக்காரனை ஒரு வழி பண்ணிவிட வேண்டும் என்பது என் கவலை. அவளுக்கு அந்தக் கவலை இல்லை. “என் தம்பி அங்கதானேங்க இருக்கான், அவன் பார்த்துப்பான்” என்றாள்.

தம்பி என்றால் என் மச்சினன். தாய் முகம் தெரியாமல் வளர்ந்தவன். இடுப்பில் தூக்கிச் சுமந்து, சோறூட்டி, படிக்க வைத்ததெல்லாம் என் மனைவிதான். அவன் சொல் அவளுக்கு வேதவாக்கு. நான் ஒன்று சொன்னால், “கேட்டுச் சொல்றேன்” என்பாள். கேட்பது அவனைத்தான். அந்தக் காரை வாங்கியதும் அவன் சொல்லித்தான். அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் அவன் மகிழ்ச்சி அலுவலராக இருந்தான்.

அங்கே எல்லோருடைய பதவியிலும் மகிழ்ச்சி இருந்தது. வாசலில் பூங்கொத்துச் சிரிப்போடு நிற்கிற பெண் மகிழ்ச்சி வரவேற்பாளர். வண்டி கழுவுகிறவர் மகிழ்ச்சித் தூய்மையாளர். சம்பளம் தள்ளிப்போகிற மாதத்தில்கூடப் பதவியில் மகிழ்ச்சி குறையாது என்று மச்சினன் ஒருநாள் வாய் தவறிச் சொல்லிவிட்டு, “மாமா, இதை வெளிய சொல்லாதீங்க” என்றான்.

முதல் தடவை போனபோது டை கட்டிய ஒருவர் வந்து வண்டியைச் சுற்றினார். ஒவ்வொரு கீறலையும் படம் எடுத்தார். நாங்கள் கொண்டுவந்த கீறல்களை அவர்கள் போட்டதாக நாளைக்குச் சொல்லிவிடக் கூடாதாம். கீறல் படலம் முடிந்த பிறகு விஷயத்துக்கு வந்தார்.

“என்ன சார் பிரச்சனை?”

“ஏர்பேக் விளக்கு எரியுதுங்க. அணைய மாட்டேங்குது.”

டைக்காரர் குனிந்து உள்ளே பார்த்தார். விளக்கு அவர் மூக்குக்கு நேரே எரிந்துகொண்டிருந்தது. நிமிர்ந்து, கையிலிருந்த டேப்லெட்டில் தட்டிக்கொண்டே உரக்கச் சொன்னார்: “வாடிக்கையாளர் கூற்றுப்படி, விளக்கு எரிகிறது.”

“கூற்றுப்படி எதுக்குங்க? இப்பதானே நீங்களே பார்த்தீங்க?”

“நான் பார்த்தது செல்லாது சார். மெஷின் பார்க்கணும். எங்க கம்பெனியில மனுஷங்க யாரும் எதையும் பார்க்கறதில்ல.”

கைப்புண்ணுக்குக் கண்ணாடி வேண்டாம் என்பார்கள். கண்ணாடி விற்றுப் பிழைக்கிற நானே அதை ஒப்புக்கொள்பவன். ஆனால் இங்கே மெஷின் வந்தாக வேண்டியிருந்தது. சக்கரம் வைத்த மேஜையில், துணி போர்த்தி, ஒருவர் தள்ள, இன்னொருவர் அதன் ஒயரைத் தரையில் படாமல் ஏந்திவர, அது வந்தது. டைக்காரர் டையைச் சரிசெய்துகொண்டார். ஒயரைச் செருகினார்கள். மெஷின் யோசித்தது. பிறகு யாரோ ஒரு பொத்தானை அழுத்த, பந்துக்காரன் மறைந்தான்.

“பழைய ஃபால்ட் ஒண்ணு உள்ள இருந்தது சார். அழிச்சாச்சு.”

“என்ன ஃபால்ட்டுங்க?”

“அழிச்சாச்சே சார். இனிமே எப்படிச் சொல்றது?”

காரைக் கழுவித் துடைத்துக் கொடுத்தார்கள். என் மனைவி தம்பிக்குக் கையசைத்தாள். வாசலைத் தாண்டியதும் ஒரு வேகத்தடை. பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்காகப் போட்டது. அதில் ஏறி இறங்கியதும் வேதாளம் மறுபடி முருங்கைமரம் ஏறியது. பந்துக்காரன் பளிச்சென்று எரிந்தான்.

அப்படியே வண்டியைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனோம். டைக்காரர் எங்களை முதல்முறையாகப் பார்ப்பதுபோல் வணக்கம் சொன்னார்.

“என்ன சார் பிரச்சனை?”

“என்னங்க, இப்பதானே போனோம்!”

“போயிட்டீங்களே சார், அதான் விஷயம். வாசலைத் தாண்டினா அது புதுப் புகார்.” மறுபடி கீறல்களைப் படம் எடுக்க ஆரம்பித்தார்.

நான் கெஞ்சினேன். “அந்த வேகத்தடையில ஏறி இறங்கினாத்தாங்க எரியுது. நீங்களே ஒரு தடவை ஓட்டிப் பாருங்க. எந்த ஒயரோ ஆடுது போல.”

“அது எங்க வேகத்தடை இல்லியே சார். எங்க ஃப்ளோர் வழவழன்னு இருக்கு பாருங்க, இதுல எரியல. வண்டி எங்ககிட்ட இருக்கிற வரைக்கும் நல்லா இருக்கு. உங்ககிட்ட வந்தாத்தான் கெட்டுப்போகுது. அதைத்தான் நீங்க யோசிக்கணும்.”

என் மனைவி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில், நான் உட்கார்ந்து வருகிற விதத்தில்தான் ஏதோ கோளாறு என்கிற சந்தேகம் இருந்தது.

இப்படிப் பல தடவை போனோம். ஊரிலேயே அதிகம் குளித்த கார் எங்களுடையதுதான். ஒவ்வொரு தடவையும் எங்களைக் குளிர்ந்த அறை ஒன்றில், தோல் சோபாவில் உட்காரவைத்துத் தேநீர் கொடுப்பார்கள். எதிரே பெரிய கண்ணாடிச் சுவர். அதன் வழியாக நம் காரைப் பார்க்கலாம், அவர்கள் பேசுவது கேட்காது. காரைத் தூக்கி நிறுத்தி, அதன் அடியில் கூடி நின்று, எல்லோரும் அண்ணாந்து பார்ப்பார்கள். ஒருவர் கையை விரித்து ஏதோ சொல்வார். மற்றவர்கள் தலையாட்டுவார்கள். பிறகு எல்லோரும் தேநீருக்குப் போவார்கள். ஒருநாள் என்ன பேசுகிறார்கள் என்று மச்சினனைக் கேட்டேன். “அது ஒண்ணும் இல்ல மாமா. வாடிக்கையாளர் கண்ணாடி வழியா பார்க்கும்போது தினமும் அப்படி நிக்கணும்னு ரூல்” என்றான்.

என் தொந்தரவு தாங்காமல் விஷயம் கிளை மேலாளரிடம் போனது. அவர் என்னைத் தனியே அழைத்து உட்காரவைத்தார். மணமான அறை. சுவர் முழுக்கச் சிரிக்கிற வாடிக்கையாளர்களின் படங்கள்.

“சார், நான் மனசுவிட்டுப் பேசலாமா? வண்டி ஓட்டறவங்க எதைப் பார்க்கணும்? ரோட்டைப் பார்க்கணும். விளக்கைப் பார்த்துட்டு ஓட்டினா ஆக்சிடென்ட் ஆகும். விளக்கால ஆபத்து இல்ல சார், பார்க்கறதாலதான் ஆபத்து.”

“நான் ஓட்டறதில்லீங்க. பக்கத்துல உட்கார்ந்து வர்றவன்.”

அவர் முகம் மலர்ந்துவிட்டது. “அப்புறம் உங்களுக்கு எதுக்கு சார் விளக்கு?”

நான் நாற்காலியிலிருந்து எழுந்தேன். அதை அவர் சமாதானமாக எடுத்துக்கொண்டார். “இருந்தாலும் உங்க மனக்குறையை நாங்க விடமாட்டோம். அந்த வேகத்தடை விஷயத்துல நிர்வாகம் ஒரு முடிவு எடுத்திருக்கு” என்றார்.

அந்த முடிவை அடுத்த தடவை போனபோது கண்டேன். வேகத்தடையைப் பெயர்த்து எடுத்திருந்தார்கள். மேலாளர் நகராட்சிவரை போய் ஆளைப் பிடித்து வேலையை முடித்திருந்தார். அந்த இடத்தில் தார் புதிதாகக் கறுத்துக் கிடந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, வண்டிகளுக்கு நடுவே ஓடி ரோட்டைக் கடந்தார்கள். வாசலிலிருந்து வெளியேறுகிற எந்தக் காரிலும் விளக்கு எரியவில்லை. எங்கள் காரில்கூட அடுத்த தெருவுக்குப் போன பிறகுதான் எரிந்தது. “பார்த்தீங்களா சார், முன்னேற்றம் தெரியுதா?” என்றார் டைக்காரர்.

நான் கத்திவிட்டேன். சோபாவில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். அதன் பலனாகத் தலைமை அலுவலகத்திலிருந்து நிபுணர் வரவழைக்கப்பட்டார்.

நிபுணர் வந்த அன்று வாசலில் கம்பளம் போட்டிருந்தார்கள். எங்கள் கார் நடுக்கூடத்தில் தனியாக நின்றது. அவர் கோட்டைக் கழற்றி ஒருவரிடம் கொடுத்தார், கைக்கடிகாரத்தைக் கழற்றி இன்னொருவரிடம் கொடுத்தார், உள்ளே உட்கார்ந்து பந்துக்காரனையே நெடுநேரம் பார்த்தார். பந்துக்காரனும் அவரைப் பார்த்தான். கடைசியில் அவர் இறங்கிவந்து ஊழியர்களைப் பார்த்துப் பேசினார்.

“ஒரு விளக்கு எரியுதுன்னா என்ன அர்த்தம்? விளக்கு நல்லா இருக்குன்னு அர்த்தம். பல்பு நல்லா இருக்கு, ஒயர் நல்லா இருக்கு, பேட்டரி நல்லா இருக்கு. இத்தனை நல்ல விஷயத்தை விட்டுட்டு ஒரு குறையைப் பிடிச்சுத் தொங்கறோம்.” என் பக்கம் திரும்பினார். “நம்ம கம்பெனி வண்டி உங்ககிட்ட பேசுது சார். மத்த கம்பெனி வண்டி பேசுமா?”

கைதட்டல் அடங்கக் கொஞ்ச நேரமானது. நான் கையைத் தூக்கினேன்.

“எல்லாம் சரிங்க. மோதினா ஏர்பேக் விரியுமா, விரியாதா?”

நிபுணர் கனிவோடு என் தோளில் கை வைத்தார். “நல்ல கேள்வி. ஆனா அது மோதினாத்தானே தெரியும்? மோதாம நாங்க எப்படிச் சொல்ல முடியும்? ஒரு தடவை மோதிட்டு வாங்க. முழு ரிப்போர்ட்டும் எடுத்துத் தர்றோம்.”

அன்று என் மனைவி வழக்கத்தைவிட மெதுவாக ஓட்டி வீடு திரும்பினாள். புது வேலையில் சேர வேண்டிய நாள் நெருங்கிவிட்டது. அன்று ஒரு விரியாத மூஞ்சியைப் பார்த்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருக்கிறாள். எனக்கு அது பிறகுதான் தெரியும். வீட்டுக்கு வந்ததும் தம்பிக்குப் போன் போட்டாள். “டேய், எனக்கு பயமா இருக்குடா” என்றாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் பயமாக இருக்கிறது என்று சொல்லி நான் கேட்டதில்லை. என்னிடம் அவள் சொன்னதும் இல்லை.

மறுநாள் காலையிலேயே மச்சினன் வந்து நின்றான். “அக்கா, நீ எதுக்கு அவங்களை எல்லாம் நம்பறே? சாவியைக் கொடு. நான் இருக்கேன்ல?”

சாயங்காலம் காரைக் கொண்டுவந்து விட்டான். விளக்கு இல்லை. நான் நம்பாமல், அந்தப் பக்கம் இருக்கிற குண்டு குழி எல்லாவற்றிலும் வண்டியை ஏற்றி இறக்கச் சொன்னேன். என் மனைவி சலித்துக்கொண்டே ஓட்டினாள். என் பல்தான் ஆடியது, பந்துக்காரன் எட்டிப் பார்க்கவில்லை. அவள் வண்டியை நிறுத்தி, பின்சீட்டில் இருந்த தம்பியின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக் கொஞ்சினாள். கண்ணில் தண்ணீர் தளும்பியது.

“பார்த்தீங்களா? எத்தனை பேர் வந்தாங்க, மெஷின் வந்தது, நிபுணர் வந்தாரு. கடைசில என் தம்பிதான் செஞ்சான்.”

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. உள்ளுக்குள் அவனையும் அந்தக் கூட்டத்தோடு சேர்த்துத்தான் வைத்திருந்தேன். “மாப்ள, என்னை மன்னிச்சுக்கப்பா” என்றேன். “என்ன மாமா நீங்க” என்று அவன் தலையைக் குனிந்துகொண்டான். தன்னடக்கம் என்று நினைத்தேன்.

என் மனைவி புது வேலையில் சேர்ந்தாள். தினமும் ஹைவேயில் போய் வந்தாள். நானும் கடையில் நிம்மதியாக உட்கார்ந்து, வருகிறவர்களிடம் “எழுத்து தெளிவா தெரியுதா?” என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

சில வாரம் கழித்து சர்வீஸ் சென்டரிலிருந்து அழைப்பு வந்தது. விளக்கில்லா மாதம் என்று ஒரு விழா. மச்சினனுக்குப் பதவி உயர்வு, மகிழ்ச்சி மேலாளர். நாங்கள்தான் சிறப்பு வாடிக்கையாளர்கள். என் மனைவி நல்ல புடவை கட்டிக்கொண்டாள். மேடையில் எங்களை முன்வரிசையில் உட்காரவைத்துவிட்டுக் கிளை மேலாளர் பேசினார்.

“போன வருஷம் இந்தக் கிளையில எத்தனை விளக்கு எரிஞ்சதுன்னு எனக்குத்தான் தெரியும். ஏர்பேக் விளக்கு, பிரேக் விளக்கு, ஆயில் விளக்கு. தூங்கவே முடியாது. இந்த மாசம் ஒரு விளக்கு கிடையாது! எப்படி முடிஞ்சது? இதோ, இந்தத் தம்பி ஒரு வழி கண்டுபிடிச்சாரு. முதல்ல யார் வண்டியில செஞ்சு பார்த்தாரு? சொந்த அக்கா வண்டியில! அதை மத்த எல்லா வண்டிக்கும் செஞ்சோம். இனிமே நாடு முழுக்க நம்ம கிளையைப் பார்த்துத்தான் செய்யப்போறாங்க.”

என் மனைவி எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டினாள். பெருமை தாங்காமல் என் தொடையிலும் ஒரு தட்டு தட்டினாள்.

அடுத்து, புதிதாக வந்திருந்த ஒரு மாடல் காரை அவள் கையால் ஸ்டார்ட் செய்யச் சொன்னார்கள். அவள் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள். பழக்க தோஷத்தில் நான் பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டேன். அவள் பொத்தானை அழுத்தினாள். எதிரே எல்லா விளக்கும் ஒன்றாக எரிந்தன. நடுவில் பந்துக்காரனும் எரிந்தான். கண் இமைக்கிற நேரம் இருந்துவிட்டு எல்லாம் அணைந்தன.

“என்னங்க இது, புது வண்டியிலயே ஏர்பேக் விளக்கு எரியுது?” என்றேன், ஜன்னலோரம் நின்றிருந்த கிளை மேலாளரிடம்.

அவர் சிரித்தார். “அது அப்படித்தான் சார். ஸ்டார்ட் பண்ணினா எல்லா விளக்கும் ஒரு தடவை எரிஞ்சு அணையும். நான் நல்லா இருக்கேன்னு வண்டி சொல்லுது. அப்பகூட எரியலேன்னாத்தான் பயப்படணும்.”

எங்கள் காரில் இத்தனை வாரமாக ஒருநாள்கூட அவன் எரிந்து நான் பார்க்கவில்லை. ஸ்டார்ட் பண்ணும்போதும் இல்லை. நல்லது நடந்துவிட்டது என்ற சந்தோஷத்தில், பார்க்கிற வேலையையே விட்டுவிட்டிருந்தேன்.

விழா முடிந்து மூன்று பேரும் எங்கள் காருக்கு வந்தோம். “ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணு” என்றேன். பண்ணினாள். எல்லா விளக்கும் எரிந்தன. பந்துக்காரன் இருக்க வேண்டிய இடம் மட்டும் இருட்டாக இருந்தது. அவளும் பார்த்தாள். நர்ஸுக்கு ஒரு தடவை பார்த்தால் போதும்.

“மாப்ள, என்னப்பா செஞ்ச?”

அவன் கழுத்தில் இன்னும் மாலையாகப் பதக்கம் தொங்கியது. கொஞ்சமும் தடுமாறவில்லை. சென்டரில் பேசுகிற குரலிலேயே பேசினான்.

“மாமா, நீங்க என்ன கம்ப்ளெயின்ட் கொடுத்தீங்க? விளக்கு எரியுதுன்னு கொடுத்தீங்க. இப்ப எரியுதா?”

“ஏர்பேக்?”

“ஏர்பேக்கைப் பத்தி யாருமே கம்ப்ளெயின்ட் கொடுக்கலையே மாமா.” பிறகு அக்காவின் பக்கம் திரும்பிக் குரலைத் தணித்தான். “கண்ணாடிக்குப் பின்னாடி, விளக்கு மேல ஒரு கறுப்பு டேப்தான்க்கா. வேற யாரையும் தொட விடல. அக்கா வண்டியாச்சேன்னு நானே என் கையால ஒட்டினேன். நல்ல டேப், வெளிநாட்டு டேப்.”

வேலியே பயிரை மேய்வதைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். மேய்ந்துவிட்டு, எத்தனை பக்குவமாக மேய்ந்தேன் பார் என்று பயிரிடமே சொல்கிற வேலியை அன்றுதான் பார்த்தேன். எனக்கு அவனை அறைய வேண்டும்போல இருந்தது. என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளால் அப்போதும் நம்ப முடியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

“அப்ப ஏர்பேக் நல்லாத்தான் இருக்குன்னு சொல்றியாடா?”

“நல்லாத்தான்க்கா இருக்கும். மெஷின்ல பார்த்தாச்சு. என்னை நம்பலையா நீ?”

“நம்பறேன்டா. ஏறு, உன்னை வீட்டுல விட்டுட்டுப் போறோம். முன்னாடி உட்காரு.”

நான் இறங்கி அவனுக்கு முன்கதவைத் திறந்துவிட்டேன். அவன் அந்த இருக்கையைப் பார்த்தான். அதற்கு எதிரே ஏர்பேக் என்று எழுதியிருந்த இடத்தைப் பார்த்தான்.

“இல்ல, மாமா உட்காரட்டும். அது அவர் இடம்” என்று சொல்லிவிட்டுப் பின்கதவைத் திறந்து ஏறினான். இழுத்துக் கதவைச் சாத்தினான். பெல்ட்டைத் தேடி எடுத்து மாட்டினான். பின்சீட்டில் அவன் பெல்ட் போட்டு நான் பார்த்ததே கிடையாது. மாட்டியதை ஒரு தடவை இழுத்தும் பார்த்துக்கொண்டான்.

“அக்கா, ஹைவே வேண்டாம்க்கா. உள்ரோட்டுலயே மெதுவாப் போயிடலாம்.”

என் மனைவி எஞ்சினை அணைத்தாள். இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு கண்ணாடியில் அவனைப் பார்த்தாள். குரல் வார்டில் நோயாளியிடம் கேட்கிற மாதிரி நிதானமாக வந்தது.

“தினமும் நான் ஹைவேலதான் போறேன்னு உனக்குத் தெரியும்லடா?”

“தெரியும்க்கா” என்றான். பெல்ட்டைக் கழற்றவில்லை.